சொந்த ஊர்ச் சத்திரம்

என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். வாடகை வீட்டில் இருக்கிறீர்களா? வீட்டுக்காரர் சும்மா மாடிக்கு வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தால் உங்களுக்கும் பயம் வருமா? எனக்கு வரும். போன வாரம் அப்படித்தான் வந்தார். நல்ல மனுஷர். மோட்டார் ஓடவில்லை என்று பார்க்க வந்தவர், என்னிடம் காபி கூட வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கு முழுக்க அவர் முகத்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி குடிக்கும்போது ஏன் சுவரைப் பார்த்தார்? இடிக்கப் போகிறாரா?

மகன் சிரிக்கிறான். போனிலேயே வீடு தேடிக்கொள்ளலாம், இன்னாத்துக்கும்மா இப்படிப் பயப்படுறே என்கிறான். அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. இப்போது நம் ஊரில் வீடு இல்லாதவர்கள் தங்குவதற்கு என்று இடம் இருக்கிறது, வாசலில் பலகை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். குழந்தைத் துணி காய்ந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், கோர்வையாகச் சொல்ல வராது. இருந்தாலும் ஒரு மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருந்தது ஒரே நீள அறை. அதில் பாதி தறிக்கு, மீதி எங்களுக்கு. அப்பா, அம்மா, நான், ஐந்து வயசுத் தம்பி. தரையில் குழி வெட்டி, அதற்குள் அப்பா கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வார். அடியில் மிதிபலகை ஏறி இறங்கும். மழை நாளில் அந்தக் குழியிலிருந்து ஈர மண் வாசனை வரும். பட்டுக்கு என்று ஒரு வாசனை இருக்கிறது, நனைந்த முடியைப் போல. அதோடு அம்மா அடுப்பில் போடும் சவுக்குக் கட்டையின் புகை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு வீடு. இன்றைக்கும் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் முதலில் மூக்கைத்தான் வைத்துப் பார்க்கிறேன்.

பழைய வீட்டுக்காரர் இறந்துபோனார். அவர் மகன் வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்ட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அவர் வீடு. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. தறியில் பாவு இருக்கும்வரை குடியிருப்பவரைக் கிளப்பக் கூடாது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல். அதில் இத்தனை சேலை என்று இருக்கும். கடைசிச் சேலையை அறுத்து இறக்கிய பிறகுதான் "போப்பா" என்று சொல்லலாம். பாதிப் பாவோடு தறியைப் பிரித்தால் அந்த வீட்டுக்கே ஆகாது என்று நம்பினார்கள். வீட்டுக்காரர் மகனும் அந்தத் தெருவில் பிறந்தவர்தானே. பாவு முடியட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு அதில்தான் புத்தி போனது. பாவு இருக்கிறவரை வீடு இருக்கிறது. அப்படியென்றால் பாவு முடியக் கூடாது. மெதுவாக நெய்ய ஆரம்பித்தார்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும் இடத்தில் ஒரு தறி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஒரு முறை எறிவார். அப்புறம் நூலைத் தடவிப் பார்ப்பார். எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்காரர் மகன் குடையோடு வாசலில் வந்து நின்று, தறியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்.

"இன்னாபா, போன வாரம் பார்த்த மாங்கா இன்னிக்கும் அங்கியே தொங்கிக்கினு இருக்குது?"

சேலைக் கரையில் போட்டிருந்த மாங்காயைச் சொன்னார். மழைக்கு நூல் தளருகிறது, இழுத்தால் அறுந்துவிடும் என்று அப்பா ஏதோ சொன்னார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவர் போன பிறகு, "அந்த மாங்கா பழுக்கட்டும்னு விட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். அப்பாவும் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று எனக்கு ஒரு நினைப்பு. அப்படி இருக்காது. இருந்தாலும் நினைப்பு அப்படித்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் மகனை ஏமாற்றலாம், பாவு கொடுத்த முதலாளியை ஏமாற்ற முடியாது. தை மாதக் கல்யாணத்துக்குச் சேலை வேண்டும் என்று அவர் காத்திருந்தார். ஒரு நாள் அவரே நேரில் வந்து தறிப் பக்கத்தில் நின்றார். நீ நெய்கிறாயா, நூலை எண்ணிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டார். அதற்குப் பிறகு அப்பா வேகமாக நெய்து முடித்தார். ஆனால் முதலாளி அடுத்த பாவு தரவில்லை. வேறு வீடு பார்த்துவிட்டு வா, அப்புறம் தருகிறேன் என்றார். அப்பா வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்டது, "எந்த முதலாளிகிட்ட பாவு?" என்றுதான். பாவு இல்லாதவனுக்கு வீடு இல்லை, வீடு இல்லாதவனுக்குப் பாவு இல்லை. அப்பா காலையில் ஒரு வாசலுக்கும் மாலையில் இன்னொரு வாசலுக்கும் போய் வந்தார். தறிக் குழி வெட்டச் சம்மதிக்கிற வீடும் எளிதில் கிடைக்காது.

இப்போது யோசித்தால், ஆரம்பத்திலேயே ஒழுங்காக நெய்து முடித்திருந்தால் முதலாளியே நல்ல வார்த்தை சொல்லி ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்திருப்பார். வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று அப்பா செய்ததுதான் வீட்டைக் கெடுத்தது.

குழியை மூடிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் வீட்டுக்காரர் மகன். அப்பா கூடையில் மண் கொண்டுவந்து கொட்டினார். நானும் தம்பியும் ஏறி நின்று மிதித்தோம். தம்பிக்கு அது விளையாட்டு. அப்பாவின் கால் இருந்த இடம் மெல்ல மேலே வந்து தரையோடு தரையாகிவிட்டது. அம்மா அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். எதற்குத் தெளித்தாள் என்று தெரியவில்லை, புழுதி அடங்கவா, வேறு எதற்காகவாவதா. சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த கண்ணாடியை எடுக்க மறந்துவிட்டோம். பாதரசம் போன கண்ணாடி. அதில் பார்த்தால் நெற்றியும் ஒரு கண்ணும் தெரியும்.

தறிக் கட்டைகளைப் பக்கத்து வீட்டில் போட்டோம். அந்த வீட்டுப் பெரியம்மா எங்களுக்கு உறவு இல்லை, சும்மா வாய் வார்த்தைக்குப் பெரியம்மா. ஆனால் அம்மாவுக்கு ஜுரம் வந்தால் எங்களுக்குச் சோறு போடுகிறவள். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அப்பா யோசிக்கவே இல்லை. தென்னேரியில் மச்சான் வீட்டுக்குப் போகிறோம், வீடு கிடைத்ததும் வந்துவிடுவோம் என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா நிம்மதியாக, "அப்பாடா, தாய்மாமன் வீடு இருக்குதே, புள்ளைங்களுக்குக் கவலையில்ல" என்றாள்.

தென்னேரிக்குப் போக மாட்டார் என்று அம்மாவுக்கு அப்போதே தெரியும். எப்போதோ ஒரு கல்யாணப் பந்தியில் மாமா அப்பாவிடம், தங்கச்சியை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை என்றால் கொண்டுவந்து விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். நாலு பேர் முன்னால் சொன்னதால் அப்பாவுக்கு அது முள். பல வருஷம் கழித்து நான் மாமாவிடம் கேட்டேன். அவருக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. சொல்லியிருந்தாலும் சோத்துக்கு யோசிக்காதே என்கிற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பேன் என்றார். என்ன செய்வது, கேட்டவர் காதில் அப்படி விழவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். தென்னேரிக்குப் போக ஏற வேண்டிய வாலாஜாபாத் பஸ் வந்தது. கண்டக்டர் கூவிக் கூவி ஏற்றினார். தம்பி எழுந்து ஓடினான், அப்பா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். இன்னொரு வாலாஜாபாத் பஸ்ஸும் வந்து போனது. அம்மா தம்பியை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். கடைசியில் அப்பா பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நடந்தார். நாங்களும் நடந்தோம். சின்ன காஞ்சிபுரம் வரை நடந்தோம், எங்கள் தெருக்காரர்கள் அதிகம் வராத பக்கம்.

அங்கே ஒரு சத்திரம். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக யாரோ புண்ணியவான் கட்டி வைத்தது. வாசல் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும் என்கிற பெருமையில் சத்தமாகப் படித்தேன். "உள்ளூர்வாசிகளுக்கு இடமில்லை." அம்மா என் வாயை மூடினாள்.

எந்த ஊர் என்று மேனேஜர் கேட்டார். ஆரணி என்றார் அப்பா.

இப்படித்தான் நாங்கள் பிறந்து வளர்ந்த ஊரிலேயே சாமி கும்பிட வந்தவர்கள் ஆனோம். நம் ஊரில் தர்மம் குறைவில்லை, அது உங்களுக்குத் தெரியும். எங்கிருந்தோ வருகிறவனுக்குப் படுக்க இடம், குளிக்கக் கிணறு, கோயிலில் பிரசாதம், எல்லாம் உண்டு. இந்த ஊர்க்காரனுக்கும் வீடு போகும் என்று அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை.

காலையில் அம்மா எங்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஈரத் தலையோடு கோயிலுக்குப் போவோம். சாமி கும்பிட வந்தவர்கள் சத்திரத்திலேயே உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுவார்களே. மண்டபத்தில் மழை நிற்கும்வரை நின்றுவிட்டு வருவோம். அப்பா வீடு தேடப் போய்விடுவார். பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம், மணி அடிப்பது கேட்கும். என் பள்ளிக்கூடம் ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. ஆனாலும் அந்த மணிக்கு நான் மனசுக்குள், இப்போது கணக்கு, இப்போது தமிழ் என்று சொல்லிக்கொள்வேன். யாத்திரை வந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகுமா? போகக் கூடாது. அப்படி நின்றதுதான், திரும்பப் போகவே இல்லை.

ஒரு நாள் கோயில் வரிசையில் என்னோடு படித்த பெண், தன் அம்மாவோடு நின்றிருந்தாள். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். என் கை தானாக மேலே எழும்பியது. அம்மா என் தோளில் கிள்ளித் தூண் பக்கம் திருப்பிவிட்டாள். அந்தத் தூணில் ஒரு யாளி இருந்தது. எண்ணெய் படிந்து வழவழவென்று கறுத்துப் போயிருந்தது. நான் அதன் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது அவள் இல்லை.

ஒரே சத்திரத்தில் அதிக நாள் இருக்க முடியாது. இன்னொன்றுக்குப் போனோம். அங்கே மேனேஜர், தம்பியின் கன்னத்தைத் தட்டி எந்த ஊர்டா என்று கேட்டார். தம்பி அப்பாவைப் பார்த்து, "எந்த ஊரு சொல்லணும்பா?" என்றான்.

மேனேஜர் சிரித்தார். அப்பா அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். திண்டிவனம் என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பயம் பிடித்தது என்று நினைக்கிறேன். யார் எது கேட்டாலும் முதலில் எந்தப் பதில் சொன்னால் அனுப்பிவிட மாட்டார்கள் என்று யோசிக்கிற பயம்.

அந்தச் சத்திரத்தில் பெருக்கித் துடைக்க ஒரு அம்மா வருவார்கள். ஆற்றோரக் காலனியிலிருந்து வருகிறவர்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை தொங்கும். தம்பிக்கு வறுத்த வேர்க்கடலை கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, அம்மா ஏதாவது சொல்வாளோ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அம்மா தோலை ஊதிவிட்டுத் தம்பியிடம் கொடுப்பாள்.

ஒரு நாள் கிணற்றடியில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்கள்.

"யம்மா, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. இங்க வர்றவங்க எல்லாம் எங்கிட்டதான் வழி கேப்பாங்க. கோயிலு எங்க இருக்குது, பால் எங்க விக்கிது, பஸ்சு எங்க நிக்கிதுன்னு. நீ வந்ததிலேர்ந்து ஒண்ணியும் கேக்கலயே."

அம்மாவின் கையிலிருந்த துணி நின்றது. அப்புறம் கல்லின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா அவள் முதுகில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கழித்து அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நான் தம்பியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே நின்றிருந்தேன்.

அந்த அம்மாவின் மகன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போயிருந்தான். அவன் அறை சும்மாதான் இருக்கிறது, வந்து இருந்துகொள்ளுங்கள் என்றார்கள். கூரைதான், ஆனால் போன கோடையில்தான் மாற்றியது, ஒழுகாது என்று இரண்டு முறை சொன்னார்கள்.

அப்பா வந்ததும் அம்மா சொன்னாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார், ஆனாலும் அறையில் எல்லாம் கேட்டது.

"அங்க போயி குடியிருக்கச் சொல்றியா? நாளைக்கு எவன் எனக்குப் பாவு குடுப்பான்? எவன் பொண்ணு கட்டுவான்?"

"இப்ப எவன் குடுத்துக்கினு இருக்கிறான்?" என்றாள் அம்மா.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். பொய் ஊர் சொல்லிக்கொண்டு சத்திரம் சத்திரமாகப் போவது அப்பாவுக்குக் கேவலமாகத் தெரியவில்லை. இடம் கொடுக்கிறேன் என்று கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போவதுதான் கேவலமாகத் தெரிந்தது. அப்பா கெட்டவர் இல்லை. நம் தெருக்களில் அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாம் அப்படித்தான் நினைத்தார்கள். உங்கள் வீட்டில் இல்லையா? இருந்திருக்கும். எல்லாரும் அப்படி நினைத்தார்கள் என்பதால் எங்கள்மேல் மழை பெய்யாமல் இருக்கவில்லை.

தம்பிக்கு இருமல் கண்டது. மார்பில் கை வைத்தால் உள்ளே பூனை கத்துவதுபோல இருக்கும். திருவிழாக் கூட்டம் வருகிறது, காலி செய்யுங்கள் என்று மேனேஜர் வேறு சொல்லிவிட்டார். அப்பா அப்போது ஒரு ஏற்பாடு சொன்னார். மெட்ராஸில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள், பெண்ணை அங்கே அனுப்பிவிடலாம். நீ பையனைக் கூட்டிக்கொண்டு தென்னேரிக்குப் போ. நான் மண்டபத்தில் படுத்துக்கொள்கிறேன். வீடு கிடைத்ததும் எல்லாரும் சேர்ந்துகொள்ளலாம்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். சுவரில் யாரோ கரியால் தங்கள் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே இருந்தேன். வீடு கிடைத்ததும் என்கிறாரே, கிடைக்காவிட்டால்? என் வயதுப் பெண்கள் எத்தனை பேர் அப்படிப் போய் அப்படியே இருந்துவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மா தம்பிக்கு இழுத்துப் போர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் ஒரு கைப்பிடியை என்னைப் பிடிக்கச் சொன்னாள், மறு பக்கம் அந்தப் பெருக்குகிற அம்மா பிடித்துக்கொண்டார்கள். அப்பா சத்திரத்து வாசற்படியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று தெரியும்.

ஆற்றோர அறை சின்னது, ஆனால் உள்ளே ஈரம் இல்லை. சாணி மெழுகிய தரை. சுவரில் இயேசு படம் போட்ட காலண்டர். அம்மா பெட்டியிலிருந்து எங்கள் முருகன் படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்டுவது என்று தயங்கினாள். அந்த அம்மா காலண்டரைக் கொஞ்சம் நகர்த்தி ஆணியில் இடம் விட்டார்கள். அன்று மாலை அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, பட்டு நெய்யிறவங்க வீட்டம்மாவா, எங்க பட்டுச் சேலை என்று கேலி செய்தாள். அம்மா தன் நைந்த நூல் சேலையைக் காட்டி, "நெய்யிறவங்க எங்கக்கா கட்டுறாங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒரு பாட்டிலில் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்தார்கள். இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அப்பா பகலில் வருவார். வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார். உள்ளே வர மாட்டார். கை கழுவிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடுவார். அவர் மெலிந்துகொண்டே போனார். அந்த அம்மா அவரைப் பார்த்தால் வேறு வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவார்கள். அவர் கூச்சப்படக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் அவர்களுக்குக் கோபம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, நம் தெருவுக்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். அங்கே ஏதாவது வீடு காலியாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிள்ளை கூட இருந்தால் யாரும் அதட்டிக் கேட்க மாட்டார்கள் என்றுதான் என்னை அழைத்துக்கொண்டு போனார். மழை விட்டிருந்தது. சாயப் பட்டறைகளின் தண்ணீர் கால்வாயில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய வீட்டில் கூரையை எடுத்துவிட்டிருந்தார்கள். நான்கு சுவர் மட்டும் நின்றது. நான் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் அப்பா கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பெரியம்மா எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அப்பாவைத் திட்ட ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. அப்படித்தான் எல்லாம் தெரிந்தது.

நாங்கள் போன சில நாளிலேயே தெருக்கோடி வீடு காலியாகியிருக்கிறது. குழியோடு இருந்த வீடு. பெரியம்மாவின் கணவர், பெரியப்பாதான் போய்ப் பேசி, இவர்களுக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். முதலாளியிடமும் நாலு பேராகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் முறைத்துவிட்டு, சரி, வந்தால் பாவு தருகிறேன் என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்வதற்காகப் பெரியப்பா கொட்டுகிற மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு தென்னேரி போயிருக்கிறார். அங்கே மாமா, இங்கே வரவே இல்லையே என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, பிறகு பயந்து, ஏரிக் கரையில் போய்த் தேடியிருக்கிறார்கள்.

"ஏரியில தேடினாங்கடா உங்கள. தண்ணியில." பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலாவது வீட்டுப் பொண்ணு, கோயில்ல இவளப் பார்த்தேன்னு சொல்லிச்சி. நாந்தான் அதட்டினேன், அவங்க ஊருலயே இல்ல, கண்ட பேச்சு பேசாதேன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா தம்பி? இடமில்லன்னு ஒரு வார்த்தை. நாங்க இன்னா சிரிச்சிருப்போமா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீடு என்ன ஆயிற்று என்று கேட்டார். குழியை எத்தனை நாள் சும்மா வைத்திருப்பார்கள்? வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மா சொல்லி முடிக்கும்போது தெருக்கோடியிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. புதிதாக வந்தவர்கள் நல்ல வேகமாக நெய்கிறவர்கள்.

பெரியப்பா உள்ளேயிருந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்பாவே, "ஆத்தோரம், காலனியில" என்றார். அங்கே குழி வெட்டி இந்தத் தறியைப் போட்டால் முதலாளி பாவு அனுப்புவாரா என்றும் கேட்டார். பெரியப்பா கையை எடுக்கவில்லை. ஆனால் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அங்க அனுப்ப மாட்டாருபா. உனக்குத் தெரிஞ்சதுதான."

தெரிந்ததுதான். சில நாள் முன்னால் அப்பாவே அம்மாவிடம் சொன்னதுதான் அது. மற்றவர் வாயிலிருந்து வரும்போது அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பெரியப்பா தன் வீட்டுத் தறியில் மாற்றாளாக வந்து உட்காரச் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். பின்னால் ஆயுசுக்கும் அப்படி அடுத்தவர் குழியில்தான் கால் விட்டு நெய்தார். எங்கள் தறிக் கட்டைகள் பெரியம்மா வீட்டு மூலையில் இருந்து, செல்லரித்து, ஒரு பொங்கலுக்கு அடுப்பில் போயின.

இதையெல்லாம் இப்போது எழுதுவது எதற்கு என்றால், உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் பிள்ளைகளுக்கு, வீடு போகிற நிலைமை வந்தால் மூடி மறைக்காதீர்கள் என்று சொல்லத்தான். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். பலகை போட்ட இடத்தில் போய்ச் சொல்லுங்கள். யார் கூப்பிட்டாலும் போங்கள். நானே சொல்லுவேனா என்று கேட்டால் தெரியவில்லை. வீட்டுக்காரர் வந்துவிட்டுப் போனதை மகனிடமே இன்னும் சொல்லவில்லை.

அன்று பெரியம்மா வீட்டிலிருந்து நாங்கள் திரும்பி வரும்போது பொழுது சாயவில்லை. அம்மா அறை வாசலில் அந்த அம்மாவோடு சேர்ந்து மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க மண்ணைக் குழைத்து வரப்பு வைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. தம்பி ஒரு தகர டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். தெருவில் நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை, நான்தான் அப்புறம் சொன்னேன்.

"இந்தாமா," என்றார். "இங்கியே இருந்துடலாம்."

அம்மா நிமிராமலே வரப்பைத் தட்டிச் சமன் செய்தாள்.

"நான் வந்த அன்னிக்கே இருந்துட்டேன். நீங்கதான் இன்னும் வரல."

அப்பா வெளியிலேயே உட்கார்ந்தார். அந்த அம்மா உள்ளே போய், மகனுடைய பாயை எடுத்துக் கதவோரமாகப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மழை திரும்பப் பிடித்தது. முதலில் தூறல்தான். அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அம்மா கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிட விடவில்லை. மழை வலுத்து, துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி, இனி உட்கார முடியாது என்று ஆன பிறகுதான் குனிந்து உள்ளே வந்தார்.